எண்பது என்றால் எந்த எண்பது?
விசை அலகுகளை மாற்றும் முறை – ஒரு முன்னாள் மாணவரின் பாடம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பேரவையின் இளவல்கள் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். இலக்கியம் பற்றி எழுத நம்மிடையே தகுதியானவர்கள் பலர் இருக்கின்றனர். நானோ இயந்திரப் பொறியியல் படித்தவன். ஆகவே, எனக்குத் தெரிந்த ஒன்றையே எழுதுகிறேன். விசையை மெட்ரிக் முறையிலிருந்து பிரிட்டிஷ் முறைக்கும், அங்கிருந்து மீண்டும் மெட்ரிக் முறைக்கும் மாற்றுவது எப்படி என்பதே பாடம். கைப்பேசியைத் தட்டினால் விடை வந்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். விடை வரும். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் நான் செய்த பிழை ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டறையில் ஒரு காலை

2006ஆம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் படிப்பின் இறுதியில், தொழிற்பயிற்சிக்காக ஒரு பட்டறையில் சேர்ந்தேன். தண்ணீர் பம்புகளைக் கழற்றிப் பழுது பார்ப்பது அங்கு முக்கிய வேலை. என் பணி மிகவும் எளியது. கையேட்டைப் படித்து, தேவையான அளவுகளை வேலை அட்டையில் எழுதித் தொழில்நுட்பரிடம் கொடுக்க வேண்டும்.

அன்று ஒரு பம்பின் மூடியை எட்டு போல்ட்டுகளால் இறுக்க வேண்டியிருந்தது. கையேட்டில் 80 நியூட்டன்-மீட்டர் என்று அச்சாகியிருந்தது. நான் அட்டையில் ‘80’ என்று மட்டும் எழுதினேன். அதை வாங்கிய அண்ணன் ஏறத்தாழ இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவரிடம் இருந்த டார்க் ரென்ச் பழையது. பவுண்டு-அடி அளவு மட்டுமே அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அவர் 80இல் நிறுத்தி இறுக்கினார். ஐந்தாவது போல்ட்டின் தலை ‘டக்’கென்று முறிந்து தரையில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால், முன்னதாக இறுக்கிய நான்கும் நீண்டுபோயிருக்கும் என்பதால் எட்டையும் மாற்ற நேர்ந்தது. வேலையும் ஒரு நாள் நின்றது.

பழி யார் மீது விழுந்தது என்பதை முடிவில் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

பொருண்மை வேறு, விசை வேறு

ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பது பொருண்மை. அதைக் கிலோகிராமில் அளக்கிறோம். அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது எடை. எடை ஒரு விசை. அதை நியூட்டனில்தான் அளக்க வேண்டும். கடையில் ‘இரண்டு கிலோ எடை’ என்று சொல்கிறோம். பேச்சு வழக்கில் அது தவறாகத் தெரிவதில்லை. பொறியியலில் அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

இரண்டையும் இணைப்பது ஒரு சிறிய சமன்பாடு: விசை = பொருண்மை × முடுக்கம். 1 கிலோகிராம் பொருளின் வேகத்தை ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் கூட்டத் தேவைப்படும் விசையே 1 நியூட்டன். எடை மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு 1948இல் இப்பெயரை ஏற்றுக்கொண்டது. ஒரு நடுத்தர ஆப்பிளை உள்ளங்கையில் வைத்தால் அது அழுத்தும் விசை ஏறத்தாழ 1 நியூட்டன்.

பிரிட்டிஷ் முறையில் சிக்கல் கூடுதல். அங்கே ‘பவுண்டு’ என்ற ஒரே சொல் பொருண்மைக்கும் விசைக்கும் வழங்குகிறது. நம் முன்னோர் ராத்தல் என்றது இந்தப் பவுண்டைத்தான். குழப்பத்தைத் தவிர்க்க, விசையைக் குறிக்கும்போது ‘பவுண்டு-விசை’ என்று சேர்த்தே எழுத வேண்டும். 1 பவுண்டு பொருண்மையை நியமப் புவியீர்ப்பு இழுக்கும் விசை எவ்வளவோ அதுவே 1 பவுண்டு-விசை. மெட்ரிக் முறையிலும் இதைப் போன்ற பழைய அலகு ஒன்று உண்டு. அது கிலோகிராம்-விசை. அனைத்துலக அலகு முறையில் அதற்கு இடமில்லை. ஆயினும் பழைய கையேடுகளிலும் தராசுகளிலும் இன்றும் தென்படுகிறது.

4.448 எங்கிருந்து வந்தது?

மாணவர்கள் பலர் ‘பவுண்டு-விசையை 4.448 ஆல் பெருக்கு’ என்று மனனம் செய்கிறார்கள். மனனம் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். அந்த எண் பிறந்த கதையை அறிந்தால் மறக்காது. அது இரண்டு எண்களின் பெருக்கம்.

முதலாவது எண், பவுண்டு எத்தனை கிலோகிராம் என்பது. ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு பவுண்டு நூலிழை அளவில் வேறுபட்டது. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் உடன்பட்டு, 1 பவுண்டு என்பது மிகச் சரியாக 0.45359237 கிலோகிராம் என்று வரையறுத்தன.

இரண்டாவது எண், நியமப் புவியீர்ப்பு முடுக்கம். இதை 1901ஆம் ஆண்டிலேயே 9.80665 மீட்டர்/விநாடி² என்று நிர்ணயித்தார்கள். உண்மையில் புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். பூமத்திய ரேகையில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. மலேசியாவில் வாழும் நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் நம் எடை ஐரோப்பியரின் கணக்கைவிட இம்மியளவு குறைவு! ஆனால், அலகின் வரையறை ஊருக்கு ஊர் மாறக்கூடாது. அதனால்தான் நிலையான ஓர் எண்ணை வைத்தார்கள்.

இரண்டையும் பெருக்குவோம்:

0.45359237 × 9.80665 = 4.44822 (சுருக்கமாக)

ஆக, 1 பவுண்டு-விசை = 4.448 நியூட்டன். முதல் எண் பவுண்டைக் கிலோகிராமாக்குகிறது. இரண்டாம் எண் கிலோகிராமை விசையாக்குகிறது. பலர் செய்யும் பிழை, முதல் படியோடு நின்றுவிடுவது. அல்லது ஏற்கெனவே விசையாக உள்ள எண்ணை மீண்டும் 9.80665 ஆல் பெருக்கிவிடுவது. இரண்டுமே விடையை ஏறத்தாழ பத்து மடங்கு தவறாக்கிவிடும்.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியவை

1 கிலோகிராம்-விசை = 9.80665 நியூட்டன் = 2.2046 பவுண்டு-விசை
1 பவுண்டு-விசை = 4.448 நியூட்டன்
1 நியூட்டன் = 0.2248 பவுண்டு-விசை
1 கிப் (1,000 பவுண்டு-விசை; அமெரிக்கக் கட்டடப் பொறியியலில் வழங்குவது) = 4.448 கிலோநியூட்டன்
1 பவுண்டல் (1 பவுண்டு பொருண்மைக்கு 1 அடி/விநாடி² முடுக்கம் தரும் விசை) = 0.1383 நியூட்டன்

பவுண்டலும் பவுண்டு-விசையும் பெயரில் நெருங்கியவை. அளவில் ஒன்று மற்றொன்றைப் போல 32 மடங்குக்கும் மேல். பழைய ஆங்கிலேயப் பாடநூல்களைப் புரட்டுவோர் கவனமாக இருக்க வேண்டும்.

மாற்றிப் பார்ப்போம்

எந்தக் கணக்கையும் மூன்று படிகளில் செய்யலாம். முதலாவது, கொடுத்த எண்ணோடு அதன் அலகையும் எழுதுவது. இரண்டாவது, வேண்டாத அலகு அடிபட்டுப் போகும்படி மாற்று எண்ணைப் பெருக்குவது அல்லது வகுப்பது. மூன்றாவது, விடையின் அளவு நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பது. நியூட்டன் சிறிய அலகு. பவுண்டு-விசை பெரிய அலகு. ஆகவே, நியூட்டனுக்கு மாற்றினால் எண் பெருக வேண்டும். பவுண்டு-விசைக்கு மாற்றினால் எண் சுருங்க வேண்டும். அப்படி நடக்கவில்லையென்றால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டோம் என்று பொருள்.

எடுத்துக்காட்டு 1: போயிங் 737-800 விமானத்தில் பொருத்தப்படும் சி.எஃப்.எம். 56-7பி குடும்ப இயந்திரங்களில் மிகுந்த ஆற்றலுள்ளதன் உந்துவிசை 27,300 பவுண்டு-விசை. இதை 4.448 ஆல் பெருக்கினால் சுமார் 1,21,400 நியூட்டன், அதாவது 121.4 கிலோநியூட்டன். கணிப்பொறி 121430.4 என்று காட்டினாலும் அத்தனை இலக்கங்களையும் எழுதத் தேவையில்லை. கொடுத்த எண்ணில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கதோ, விடையிலும் ஏறத்தாழ அத்தனை போதும்.

எடுத்துக்காட்டு 2: ஒரு கம்பி தாங்கும் விசை 5 கிலோநியூட்டன். பவுண்டு-விசையில் எவ்வளவு? 5,000 ÷ 4.448 = 1,124 பவுண்டு-விசை.

எடுத்துக்காட்டு 3: 60 கிலோகிராம் பொருண்மையுள்ள ஒருவரின் எடை? முதலில் விசையாக்க வேண்டும். 60 × 9.80665 = 588.4 நியூட்டன். பிறகு 588.4 ÷ 4.448 = 132.3 பவுண்டு-விசை.

இனி, வாகனச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ‘முப்பது பவுண்டு காத்து’ என்று சொல்கிறோம். அது உண்மையில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் 30 பவுண்டு-விசை. எண்ணெய் நிலையத்துக் கருவி அதையே கிலோபாஸ்கலில் 207 என்று காட்டும். இங்கே விசையோடு பரப்பளவும் மாறுகிறது. 4.448 நியூட்டனை ஒரு சதுர அங்குலத்தின் பரப்பான 0.00064516 சதுர மீட்டரால் வகுத்தால் 6,895 பாஸ்கல். அதை 30 ஆல் பெருக்கினால் 207 கிலோபாஸ்கல். கூட்டு அலகுகளில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே மாற்ற வேண்டும் என்பதே இதிலிருந்து அறியும் பாடம்.

மனக்கணக்கு

கணிப்பொறி இல்லாத இடத்தில் இரண்டு எளிய வழிகள் உண்டு. நியூட்டனைப் பவுண்டு-விசையாக்க, நான்கால் வகுத்துப் பத்து விழுக்காட்டைக் கழியுங்கள். 800 நியூட்டன் என்றால் 200. அதில் 20 போனால் 180. சரியான விடை 179.8. பவுண்டு-விசையை நியூட்டனாக்க, நான்கரையால் பெருக்கி ஒரு விழுக்காட்டைக் கழியுங்கள். 180 என்றால் 810. அதில் 8 போனால் 802. சரியான விடை 800.7. பட்டறையில் நின்றுகொண்டு ‘இந்த எண் சரியா?’ என்று ஐயுறுவதற்கு இந்தத் துல்லியம் போதுமானது.

ஒரு டன், மூன்று டன்

பாரந்தூக்கிகளோடு பழகுவோர் ‘டன்’ என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மெட்ரிக் டன் 1,000 கிலோகிராம். அதன் எடை 9.807 கிலோநியூட்டன். அமெரிக்கரின் சிறிய டன் 2,000 பவுண்டு. அதன் எடை 8.896 கிலோநியூட்டன். பிரிட்டிஷாரின் பெரிய டன் 2,240 பவுண்டு. அதன் எடை 9.964 கிலோநியூட்டன். அமெரிக்கக் கொக்கி ஒன்றில் 10 டன் என்று பொறித்திருப்பது சிறிய டன்னாக இருந்து, அதில் நாம் 10 மெட்ரிக் டன் பாரத்தைத் தொங்கவிட்டால், அனுமதித்த அளவைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக ஏற்றிவிட்டோம்.

செவ்வாயில் தொலைந்த கலம்

இந்தப் பிழைகளெல்லாம் மாணவர்களும் பட்டறைக்காரர்களும் மட்டுமே செய்பவை என்று எண்ண வேண்டாம். நாசா 1998 டிசம்பர் 11ஆம் நாள் செவ்வாய்த் தட்பவெப்பநிலை ஆய்வுக் கலத்தை ஏவியது. ஒன்பது மாதங்களுக்கு மேல் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23ஆம் நாள் அது செவ்வாயின் பின்புறம் சென்றது. மீண்டும் அதன் சமிக்ஞை வரவேயில்லை.

கலத்தின் நிலையைச் சீராக்க, வழியில் சிறு உந்திகளை அவ்வப்போது இயக்குவார்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு விசை எவ்வளவு நேரம் செயல்பட்டது என்பதைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் கணக்கிட்டுக் கோப்பாகத் தந்தது. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் தயாரித்த அந்த மென்பொருள், விடையைப் பவுண்டு-விசை-விநாடியில் தந்தது. கலத்தின் பாதையைக் கணித்த ஜெட் உந்துவிசை ஆய்வகத்தார் அதை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்த ஆவணப்படி அது நியூட்டன்-விநாடியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே, ஒவ்வோர் உந்தலும் உண்மையைவிட 4.45 மடங்கு சிறிதாகக் கணக்கில் சேர்ந்தது. நாம் மேலே கண்ட அதே எண்தான்.

ஒவ்வொன்றும் மிகச் சிறிய உந்தல். ஆனால், மாதக்கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போனது. செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்ல வேண்டிய கலம், சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது என்று பின்னர் கணக்கிட்டார்கள். 80 கிலோமீட்டருக்குக் கீழே அது தாக்குப்பிடித்திருக்க முடியாது. பயணத்தின்போதே பாதைக் கணக்கு ஒத்துவரவில்லை என்ற ஐயம் சிலருக்கு எழுந்தது. அந்த ஐயம் முறையான வழியில் மேலே எடுத்துச் செல்லப்படவில்லை என்பதையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. எனக்கு அலகுப் பிழையைவிட இதுவே அதிகம் உறுத்துகிறது. பிழை எவருக்கும் நேரும். சந்தேகம் வந்த பிறகும் பேசாமல் இருப்பதுதான் ஆபத்து.

நம் சொற்களிலும் ஒரு கண்ணி

தமிழ்ப் பேரவையின் மலர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் கணிதம் படித்தபோது கிலோகிராமில் அளப்பதைப் பொருண்மை என்றே கற்றேன். தமிழ்நாட்டு அறிவியல் நூல்களில் அதை நிறை என்றும், புவி இழுக்கும் விசையை எடை என்றும் எழுதுகிறார்கள். இலங்கை நூல்களிலோ கிலோகிராமில் அளப்பது திணிவு. புவி இழுக்கும் விசைதான் நிறை! அதாவது, ‘நிறை’ என்ற ஒரே சொல் அங்கே விசை, இங்கே பொருண்மை. ஆங்கிலத்தின் பவுண்டுக்கு நேர்ந்த அதே கதி நம் சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. தமிழில் அறிவியல் எழுத விரும்பும் தம்பி தங்கையர், எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆளுகிறோம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இக்கட்டுரையில் பொருண்மை, எடை என்ற சொற்களை நான் தேர்ந்துகொண்டதும் அதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. 1,500 நியூட்டனைப் பவுண்டு-விசைக்கு மாற்றுக.
2. 75 கிலோகிராம்-விசையை நியூட்டனுக்கும் பவுண்டு-விசைக்கும் மாற்றுக.
3. ஒரு சுருள்வில்லை 1 அங்குலம் அமுக்க 40 பவுண்டு-விசை தேவை. 1 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் தேவை?

விடைகள்: 1) 337.2 பவுண்டு-விசை. 2) 735.5 நியூட்டன், 165.3 பவுண்டு-விசை. 3) 40 × 4.448 ÷ 25.4 = 7.0 நியூட்டன். மூன்றாவதில் 25.4 ஆல் வகுக்க மறந்தவர்கள், சக்கரக் காற்றுக் கணக்கை மீண்டும் ஒருமுறை படிக்கவும்.

மீண்டும் பட்டறைக்கு

போல்ட் முறிந்த அன்று மேற்பார்வையாளர் அந்த அண்ணனைத்தான் கூப்பிட்டார். “அட்டையில எம்பதுன்னு இருந்துச்சு. எம்பதுக்கு வெச்சேன்” என்றார் அவர். அட்டையை எழுதியது யார் என்று சொல்லவில்லை. இத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவர் கேட்டிருக்க வேண்டாமா என்று மேற்பார்வையாளர் கடிந்துகொண்டார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சம்பவம் அவர் பெயரில் பதிவாகும் என்று சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

அன்றிரவு வாடகை அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1 பவுண்டு-அடி என்பது 4.448 × 0.3048 = 1.356 நியூட்டன்-மீட்டர். எண்பது பவுண்டு-அடி 108.5 நியூட்டன்-மீட்டர். கையேடு கேட்டதைவிட 36 விழுக்காடு அதிகம். ரென்ச்சின் கைப்பிடி 40 சென்டிமீட்டர் என்றால், 80 நியூட்டன்-மீட்டருக்குக் கைப்பிடி நுனியில் 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோகிராம்-விசை போதும். அண்ணன் கொடுத்ததோ 271 நியூட்டன். ஏறத்தாழ 28 கிலோகிராம்-விசை. நாள் முழுக்க இறுக்கும் கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது எனக்கு. கையேட்டைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அலகு என் கண்முன் அச்சாகியிருந்தது.

மறுநாள் காலை அந்தத் தாளோடு மேற்பார்வையாளரிடம் சென்று, பிழை என்னுடையது என்றேன். அவர் தாளை இரண்டு முறை பார்த்தார். பதிவில் என் பெயரை எழுதினார். என் பயிற்சிக் குறிப்பேட்டிலும் ‘அலகு எழுதப்படவில்லை’ என்று சிவப்பு மையில் ஒரு வரி சேர்ந்தது. எல்லாவற்றையும் விட, முதல் நாளே சொல்லாததற்காக அவர் என்னைக் கடிந்துகொண்டதுதான் வலித்தது.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, எம்பதுன்னா என்னா எம்பது? அத மட்டும் எழுதிடு, போதும்” என்றார். பிறகு ரென்ச்சின் கைப்பிடியில் வெள்ளை நாடாவைச் சுற்றி, மார்க்கர் பேனாவை என்னிடம் நீட்டினார். ‘பவுண்டு-அடி’ என்று பெரிதாக எழுதினேன். அதன் கீழே, ‘× 1.356 = நியூட்டன்-மீட்டர்’ என்பதையும் எழுதச் சொன்னார்.

அன்பு மாணவர்களே, ஆய்வறிக்கையானாலும் வேலை அட்டையானாலும் அலகைச் சேர்த்து எழுதுங்கள். அதைப் படித்து வேலை செய்யப் போகிறவர் வேறொருவர். அவருடைய கையும் அவருடைய பிழைப்பும் அந்த எண்ணை நம்பியிருக்கின்றன. எழுத மறந்துவிட்டால், நினைவு வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.